மூன்று நிமிடக் கட்டடம்

கூரையில் சோலார், வாசலில் பசுமைச் சான்றிதழ். ஒரு விமான நிலையத் தீயணைப்பு நிலையத்துக்கு இவ்வளவு போதுமா?

2024 ஜனவரி 2, மாலை 5.47. டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இருட்டிவிட்டது. சப்போரோவிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 தரையைத் தொடுகிறது. அதே ஓடுபாதையில் கடலோரக் காவல்படையின் சிறிய விமானம் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. முந்தின நாள் நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு புறப்படக் காத்திருந்த விமானம். மோதல். இரண்டும் தீப்பிடிக்கின்றன. எரிந்தபடியே சறுக்கி நின்ற ஏ350 விமானத்துக்குள் புகை நிறைகிறது. எட்டு அவசர வழிகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. பயணிகள் 367 பேர், ஊழியர்கள் 12 பேர். பதினெட்டு நிமிடத்தில் 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். கடலோரக் காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் பிழைக்கவில்லை.

நூற்றுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வண்டிகள் வந்தும் நெருப்பு முழுதாக அணைய அதிகாலை 2.15 ஆயிற்று. ஆனால் தீயணைப்புக்காரர்கள் கணக்கில் வைப்பது அந்த எட்டரை மணி நேரத்தை அல்ல. எரிபொருள் தீயில் சிக்கிய விமானத்தில் ஆள் பிழைப்பது முதல் சில நிமிடங்களில் முடிவாகிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் உலகின் ஒவ்வொரு பெரிய பயணிகள் விமான நிலையத்திலும் ஓடுபாதை ஓரமாக ஒரு கட்டடம் காத்திருக்கிறது.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு விமானப் பாதுகாப்பு நம் ஊர் டீக்கடை வரை பேசுபொருளாகிவிட்டது. இன்னொரு பக்கம் தமிழ்நாட்டில் விமான நிலைய வேலைகள் மும்முரம். திருச்சியில் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறந்தாயிற்று. தூத்துக்குடியில் 2025 ஜூலையில். பரந்தூருக்கு மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் 'பசுமை' என்ற சொல் தவறாமல் இருக்கிறது. முனையத்தின் கூரை பசுமை, விளக்கு பசுமை, வாகன நிறுத்தம் பசுமை. டாக்ஸிவேயில் போகும்போது ஜன்னல் வழியே ஒரு கணம் தெரிந்து மறையும் தாழ்வான கட்டடம், வரிசையாகப் பெரிய கதவுகள், மேலே கண்ணாடி அறை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு விமான நிலையம் தன் மண்ணுக்கும் நீருக்கும் செய்யக்கூடிய மிக மோசமான தீங்குகளில் ஒன்று அந்தக் கட்டடத்தின் முற்றத்திலிருந்து கிளம்ப முடியும். அதைத் தடுக்க ஆகும் செலவு, வரைபட மேசையிலேயே யோசித்துவிட்டால், அதிகமில்லை.

இடத்தைக் கடிகாரம் சொல்லும்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி தெளிவானது. அழைப்பு வந்த நொடியிலிருந்து, முதல் வண்டி ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய் நுரை அடிக்கத் தயாராக நிற்க வேண்டும். இலக்கு இரண்டு நிமிடம். தூங்குகிறவர் எழுந்து, பூட்ஸ் மாட்டி, வண்டியில் ஏறி, கதவு திறந்து, வண்டி கிளம்பி ஓடுவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தது. இப்போது 3,115 மீட்டர். பழைய ஓடுபாதைக்குத் தீயணைப்பு நிலையம் எந்த முனையில் இருந்தாலும் தாங்கும். மூன்று கிலோமீட்டர் என்றால் கதை வேறு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓடினாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 135 நொடி பிடிக்கும். இருபது, முப்பது டன் வண்டி அந்த வேகத்தை எட்டவே நாற்பது நொடி வரை ஆகலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. ஆக, நீளமான ஓடுபாதைக்கு நடுவாக்கில்தான் நிலையம் அமைய வேண்டும். இடம் தப்பினால் இன்னொரு நிலையம் கட்ட வேண்டியிருக்கும். கான்கிரீட், வண்டி, ஆள், மின்சாரம் எல்லாம் இரட்டிப்பு. இந்தக் கட்டட வகையில் கிடைக்கும் முதல் பசுமைச் சேமிப்பு, ஒரே நிலையத்தில் காரியம் முடியும்படி இடத்தைச் சரியாகத் தேர்வதுதான்.

நொடிக்கணக்கு உள்ளேயும் நீள்கிறது. படுக்கை அறை, சாப்பாட்டு அறை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் வண்டிக்கூடத்தை ஒட்டியே இருக்க வேண்டும். வளைந்து திரும்பும் தாழ்வாரம், அழகான மாடிப்படி எல்லாம் இங்கே ஆபத்து. ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் ஊரில் விட்ரா நிறுவன வளாகத்துக்காக ஜஹா ஹடித் வடிவமைத்து 1993இல் முடித்த தீயணைப்பு நிலையம், கட்டடக்கலை மாணவர்கள் யாத்திரை போகும் இடம். கத்தி போல் நீட்டிய கான்கிரீட் கூரை பிரமாதம். சில ஆண்டுகளிலேயே வண்டிகள் வெளியேறி அது காட்சிக்கூடமாகிவிட்டது. அந்தப் பகுதியின் தீயணைப்பு ஏற்பாடு மாறியதுதான் காரணம் என்றாலும், தீயணைப்பு நிலையத்தைச் சிற்பமாக நினைப்பவர்களுக்கு அது ஒரு நல்ல ஞாபகமூட்டல்.

இறவாரம் ஒரு சாண்

பசுமைக் கட்டடத்தின் பாலபாடம், வெயிலைப் பார்த்துக் கட்டடத்தைத் திருப்பு என்பது. தீயணைப்பு நிலையத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. வாட்ச் ரூம் எனப்படும் கண்காணிப்பு அறைக்கு ஓடுபாதை முழுக்கத் தெரிய வேண்டும். ஓடுபாதையின் திசையைத் தீர்மானிப்பது காற்று. சூரியனை யாரும் கேட்பதில்லை.

நம் ஊருக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மதுரையும் தூத்துக்குடியும் அப்படித்தான். இத்தகைய ஓடுபாதைக்குத் தெற்கே நிலையத்தை வைத்தால் கண்ணாடி முகம் வடக்கே பார்க்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே நகர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் உச்சியிலிருந்து பத்தரை டிகிரிக்கு மேல் சாயாது. ஒரு மீட்டர் உயரக் கண்ணாடிக்கு ஒரு சாண் இறவாரம் இருந்தால் நண்பகல் வெயில் உள்ளே வராது. அதே நிலையம் ஓடுபாதைக்கு வடக்கே அமைந்து கண்ணாடி தெற்கே பார்த்தால், மார்கழி வெயிலுக்கு முக்கால் மீட்டர் இறவாரம் தேவைப்படும். காலை மாலைச் சாய்வெயிலுக்குப் பக்கவாட்டில் தடுப்புப் பலகைகள். இவ்வளவும் காகிதத்தில் போடும் கோடுகள். கரண்ட் பில் வராத குளிர்ச்சி.

கூரையில் சோலார் பலகை வைப்பதற்கும் விமான நிலையத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் மான்செஸ்டர் விமான நிலையத்தில் 2012இல் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல் பலகைகளைப் பதித்தார்கள். காலை வெயில் பட்டுத் தெறித்த ஒளி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களின் கண்ணைக் கூசச் செய்தது. தார்ப்பாய் போட்டு மூடி, பிறகு பலகைகளைத் திருப்பி வைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒளித்தெறிப்புக்கு விதி கொண்டுவந்தது.

பக்கத்து கொச்சி இதில் முன்னோடி. 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின்நிலையத்தோடு, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது. 2018இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருதும் வாங்கியது. அதே 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் புகுந்து இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. சென்னை 2015 டிசம்பரில் பட்டது இன்னும் மறக்கவில்லை. தீயணைப்பு நிலையத்தின் தரைமட்டம் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், வண்டி வெளியேறும் பாதையும் மேலே இருக்க வேண்டும். சோலார் பலகையை அடுத்த ஆண்டுகூட வாங்கிப் பொருத்தலாம். தரைமட்டத்தை உயர்த்த முடியாது.

ஏசி யாருக்கு?

வண்டிக்கூடம் என்பது பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீள வண்டிகள் நிற்கும் மண்டபம். அதற்கு ஏசி போடுவது அபத்தம். கதவு திறந்தால் குளிர் முழுக்கப் போய்விடும். குளிர்நாடுகளில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. வண்டியின் தொட்டி நீர் உறையாமலிருக்கக் கூடத்தைச் சூடாக வைத்தாக வேண்டும். அங்கே தரைக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓட்டுகிறார்கள். கதவு திறந்தால் காற்றின் சூடுதான் போகும், கான்கிரீட்டின் சூடு தங்கிவிடும்.

நமக்கு அந்தக் கவலை இல்லை. கூரையை உயர்த்தி, உச்சியில் வெப்பம் வெளியேற வழி வைத்து, மெதுவாகச் சுழலும் பெரிய விசிறிகளைத் தொங்கவிட்டால் போதும். ஏசி வேண்டியது படுக்கை அறைக்கும் வாட்ச் ரூமுக்கும் மட்டும். கதவில் ஒரு நுணுக்கம்: மேலே சுருளும் ஷட்டரைவிடப் பக்கவாட்டில் மடியும் கதவு வேகமாகத் திறக்கும். கரண்ட் போனால் கையால் தள்ளவும் முடியும்.

மின்சார வண்டிகளும் வரத் தொடங்கிவிட்டன. ஆஸ்திரியாவின் ரோசன்பாவர் நிறுவனம் தன் பாந்தர் வண்டியின் மின்சார வடிவத்தை 2022இல் காட்டியது. அமெரிக்காவின் ஓஷ்காஷ், பேட்டரியும் டீசலும் சேர்ந்த வண்டியை விற்கிறது. இன்று கட்டும் நிலையம் ஐம்பது ஆண்டு நிற்கும். டீசல் வண்டியே வாங்கினாலும், சார்ஜருக்கான கேபிள் குழாயைத் தரையில் இப்போதே பதித்துவைப்பது புத்திசாலித்தனம்.

பெட்டிச் செய்தி: எத்தனை லிட்டர்?

விமான நிலையத்தின் தீயணைப்பு வகை 1 முதல் 10 வரை. அங்கே வந்துபோகும் விமானத்தின் நீளமும் உடல் அகலமும் அதைத் தீர்மானிக்கும். 'பி' தர நுரைக்கு ஐகாவோ கேட்கும் குறைந்தபட்ச நீர்:
வகை 6 (ஏ320 போன்றவை): 7,900 லிட்டர், 2 வண்டிகள்
வகை 7 (ஏ321 போன்றவை): 12,100 லிட்டர், 2 வண்டிகள்
வகை 9: 24,300 லிட்டர், 3 வண்டிகள்
வகை 10 (ஏ380 போன்றவை): 32,300 லிட்டர், 3 வண்டிகள்
வகை 10இல் நிமிடத்துக்கு 11,200 லிட்டர் பீய்ச்ச வேண்டும். கையிருப்பு மூன்று நிமிடம்கூட வராது. இந்தத் தயார்நிலை குறைந்தால் விமான நிலையத்தின் வகையும் இறங்கும். பெரிய விமானங்களின் வருகைக்குக் கட்டுப்பாடு வரும்.

நுரை

தண்ணீர் மட்டும் அடித்தால் விமான எரிபொருள் தீ அணையாது. எரிபொருள் நீரைவிட லேசானது, மேலே மிதந்து எரிந்துகொண்டே இருக்கும். மேலே ஒரு போர்வை வேண்டும். 1960களில் அமெரிக்கக் கடற்படையும் 3எம் நிறுவனமும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தன. ஃபுளூரின் கலந்த வேதிப்பொருள்களால் ஆன நுரை, எரிபொருள் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவி ஆக்சிஜனைத் தடுக்கும். 1967இல் யு.எஸ்.எஸ். ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் எரிந்து 134 பேர் இறந்த பிறகு இந்த நுரைக்கு ஏற்பட்ட தேவை அசுரத்தனமானது. கப்பலிலிருந்து ராணுவ விமானத் தளம், அங்கிருந்து பயணிகள் விமான நிலையம் என்று உலகம் முழுக்கப் பரவியது.

அந்த வேதிப்பொருள் குடும்பத்துக்குப் பெயர் பி.எஃப்.ஏ.எஸ். கார்பனும் ஃபுளூரினும் பிணைந்த பிணைப்பை இயற்கையால் எளிதில் உடைக்க முடியாது. மண்ணில் மக்காது, வெயிலில் சிதையாது, கொதிக்கவைத்தாலும் போகாது. நீரோடு நீராக நகரும். உடலுக்குள் போனால் இரத்தத்தில் தங்கும். இதில் பி.எஃப்.ஓ.எஸ். என்ற வகையின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிறது. பி.எஃப்.ஓ.எஸ். 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. பி.எஃப்.ஓ.ஏ. 2019இல். மூன்றாவதாக பி.எஃப்.எச்.எக்ஸ்.எஸ். 2022இல்.

விபத்தில் அடிக்கும் நுரை குறைவு. ஒரு விமான நிலையத்தில் பெரிய விபத்து பல பத்தாண்டுகளுக்கு நடக்காமலே போகலாம். மண்ணை நனைத்தது பயிற்சியும் சோதனையும்தான். கலவை விகிதம் சரியா, பீய்ச்சும் தூரம் சரியா என்று பார்க்க நிலைய முற்றத்தில் நுரை அடித்தார்கள். பிறகு ஹோஸ் போட்டுக் கழுவிவிட்டார்கள். சோப்புத் தண்ணீர் போலத்தானே இருக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை.

கல்லிங்கேயின் குழாய்

ஸ்வீடனின் தெற்கே ரோன்னபி நகராட்சியில் கல்லிங்கே என்று ஒரு சின்ன ஊர். பக்கத்தில் ராணுவ விமானத் தளம், அதே ஓடுபாதையில் பயணிகள் விமான நிலையமும் உண்டு. 2013 டிசம்பரில் நகராட்சி அந்த ஊருக்கு நீர் வழங்கிய நிலையத்தை அவசரமாக மூடியது. விமானத் தளத்தில் ஆண்டுக்கணக்காக நடந்த தீயணைப்புப் பயிற்சியின் நுரை, நிலத்தடி வழியாகக் குடிநீர்க் கிணறுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. குழாயைத் திறந்து தண்ணீர் குடித்ததைத் தவிர எந்தப் பாவமும் அறியாத மக்களின் இரத்தத்தில் அந்தப் பொருள்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடப் பல மடங்கு இருந்தன.

நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். நீர் நிலையத்தை மூடிப் பத்து ஆண்டுகள் ஆயின. 2023 டிசம்பர் 5 அன்று ஸ்வீடனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இரத்தத்தில் இவ்வளவு இருப்பதே உடலுக்கு ஏற்பட்ட பாதிப்புதான், நோய் வந்த பிறகுதான் வழக்காட வேண்டும் என்றில்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். நுரை அடித்தது ராணுவம். வழக்கில் எதிர்த்தரப்பாக நின்றது தண்ணீர் வழங்கிய நகராட்சி நிறுவனம். முற்றத்தைக் கழுவியவரின் பில் வேறொருவர் வீட்டுக்குப் போயிற்று.

ஆஸ்திரேலியாவில் வில்லியம்டவுன், ஓக்கி, கேத்தரின் என்ற மூன்று ஊர்களின் மக்கள் 2020இல் 21 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடாகப் பெற்றார்கள். அங்கேயும் விமானத் தள நுரைதான். நிலம் விலை போகவில்லை, கிணற்றுத் தண்ணீரைத் தொட முடியவில்லை, தோட்டத்துக் காயைச் சாப்பிடலாமா என்று தெரியவில்லை. மேலும் ஏழு இடங்களுக்கு 2023இல் இன்னொரு உடன்பாடு, 13 கோடியே 27 லட்சம் டாலர்.

தீயணைப்பு நிலையத்தின் வடிகாலைச் சரியாகக் கட்ட ஆகும் செலவை எந்த எஸ்டிமேட்டில் போட்டாலும் இந்தத் தொகைகளின் அருகில்கூட வராது.

நல்ல எண்ணத்தில் ஒரு நஞ்சுக்குழி

இங்கேதான் நம் ஊர் விஷயம் வருகிறது. 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. உண்மையிலேயே நாடு பார்த்து வியந்த திட்டம். கூரை நீரும் முற்றத்து நீரும் உறைகிணற்றுக்குள் இறங்கி நிலத்தடி நீர் ஏறட்டும் என்பது ஏற்பாடு. வீட்டுக்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மிகச் சரி.

ஒரு விமான நிலையத் தீயணைப்பு நிலையத்தின் முற்றத்தில் அதே உறைகிணற்றைத் தோண்டினால் என்ன ஆகும்? நுரை சோதித்த இடம், வண்டி கழுவிய இடம், வால்வில் ஒழுகிய இடம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும் மழை, மண் வடிகட்டும் வாய்ப்பைக்கூட விட்டுவிட்டு நேராக நிலத்தடி நீரில் இறங்கும். சட்டத்தை மதித்து, பசுமை மதிப்பெண்ணும் வாங்கி, நஞ்சை நாமே ஊட்டியதாகும்.

ஆகவே இரண்டு வடிகால் வேண்டும். கூரையிலிருந்து வரும் நீர் ஒரு குழாயில் போய்ச் சேமிப்புத் தொட்டிக்கோ உறைகிணற்றுக்கோ இறங்கட்டும். முற்றம், வண்டிக்கூடம், கழுவும் மேடை ஆகியவற்றின் நீர் தனிக் குழாயில் போய், கசியாத மூடிய தொட்டியில் சேர வேண்டும். அங்கிருந்து சுத்திகரிப்பு முடிந்த பிறகே வெளியேற வேண்டும். இரண்டும் எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது. கட்டி முடித்த பிறகு ஒன்றைப் பிரித்து இரண்டாக்குவது, கான்கிரீட் தளத்தை உடைக்கும் வேலை.

கான்கிரீட் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பயிற்சித் தளங்களை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தபோது, நுரை அடிப்பதை நிறுத்தி ஆண்டுகள் ஆன பிறகும் மழை பெய்யும்போதெல்லாம் கான்கிரீட்டிலிருந்து பி.எஃப்.ஏ.எஸ். கசிந்து வருவது தெரிந்தது. பசுமைக் கட்டட மதிப்பீடுகளில், இடித்த கான்கிரீட்டை உடைத்து மறுபயன்பாடு செய்தால் மதிப்பெண் உண்டு. பழைய தீயணைப்பு நிலையத்தின் முற்றத்தை இடித்து, ஜல்லியாக்கி, புதிய சாலைக்கு அடியில் கொட்டினால் அறிக்கையில் அது சேமிப்பு. நிலத்தில் அது பரவிய மாசு. சோதிக்காமல் அந்தக் கான்கிரீட்டைத் தொடவே கூடாது என்பதை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிடுவது நல்லது.

பெட்டிச் செய்தி: கூரை தரும் தண்ணீர்

1,500 சதுர மீட்டர் கூரை, விழும் மழையில் 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டால்:
சென்னை (ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை): ஏறக்குறைய 16.8 லட்சம் லிட்டர்
தூத்துக்குடி (சுமார் 650 மி.மீ.): ஏறக்குறைய 7.8 லட்சம் லிட்டர்
வகை 7 வண்டிகளின் 12,100 லிட்டரைத் தூத்துக்குடிக் கூரை ஆண்டுக்கு 64 முறை நிரப்பும். பயிற்சிக்கும் பம்ப் சோதனைக்கும் கூரை நீரைப் பயன்படுத்தினால், கோடையில் லாரித் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

உள்ளே இருப்பவர்களின் உடம்பு

2022இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. டீசல் புகை 2012இலேயே அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. தீயணைப்பு நிலையத்தில் இவை இரண்டும் ஒரே கூரைக்கடியில் இருக்கின்றன. ஸ்டார்ட் ஆகும் வண்டியின் புகை கூடத்தில் நிறையும். பயிற்சி முடிந்து வந்த உடுப்பில் கரியும் நச்சும் ஒட்டியிருக்கும். அதே உடுப்பை மாட்டும் கொக்கி படுக்கை அறைக்குப் பக்கத்திலேயே இருக்கும், காரணம் அவசரம்.

புதிய நிலையங்கள் கட்டடத்தை அழுக்கு, இடைநிலை, சுத்தம் என மூன்றாகப் பிரிக்கின்றன. உடுப்புக்குத் தனி அறை, தனி வெளியேற்று விசிறி, தனிச் சலவை இயந்திரம். குளித்த பிறகே சாப்பாட்டு அறைக்குள் நுழைய முடியும்படி வழி. வண்டியின் புகைக்குழாயோடு இணைத்துப் புகையை வெளியே இழுக்கும் குழாய், வண்டி நகர்ந்ததும் தானே கழன்றுகொள்ளும். இதில் மூன்று நிமிடக் கணக்கோடு மோதல் உண்டு. ஒவ்வொரு கதவும் ஒரு நொடி. வெளியே ஓடும் வழி நேராகவும், திரும்பி வரும் வழி சுற்றியும் இருந்தால் இரண்டும் நிறைவேறும். போவது ஒரு வழி, வருவது ஒரு வழி என்று வரைய வேண்டும். திறமையான கட்டடக் கலைஞருக்கு வேலை இருப்பது இங்கேதான், முகப்பில் இல்லை.

பசுமை என்றால் மரமும் சோலாரும் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் அந்தக் கட்டடத்துக்குள் மூச்சு விடுகிறவர்கள் மனிதர்கள்.

அடையாறு, கம்பன் கால்வாய்

சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைப் பாலம் கட்டித் தாண்டுகிறது. ஆற்றின் மேலேயே விமானம் இறங்கும் ஊர் நம்முடையது. அடையாறு, செம்பரம்பாக்கம் உள்ளிட்ட சென்னை நீர்நிலைகளில் பி.எஃப்.ஏ.எஸ். இருப்பதை ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வு அண்மையில் காட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அதைக் கையில் எடுத்தது. தொழிற்சாலை, குப்பைமேடு, ஒட்டாத தவா, நீர் புகாத துணி என இது வரும் வழிகள் பல. எல்லாப் பழியையும் விமான நிலைய நுரையின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் தமிழ்நாட்டின் பழைய விமான நிலையங்களில் தீயணைப்பு முற்றத்தைச் சுற்றி மண்ணையும் கிணற்று நீரையும் ஒருமுறை சோதித்துப் பார்த்து, முடிவை வெளியிடுவதில் என்ன தயக்கம் இருக்க முடியும்?

பரந்தூரில் கேள்வி இன்னும் கூர்மையானது. ஏரியும் குளமும் நெல்வயலும் நிறைந்த நிலம் அது. ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடிவருகிறார்கள். கம்பன் கால்வாய் அந்தத் திட்ட நிலத்தின் ஊடாக ஓடி, வழியிலுள்ள ஏரிகளுக்கு நீர் கொண்டுபோகிறது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் இந்தக் கட்டுரை நுழையவில்லை. வருவதாக வைத்துக்கொண்டால், திட்டத்திலுள்ள இரண்டு ஓடுபாதைக்கும் மூன்று நிமிடத்தில் எட்டுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தீயணைப்பு நிலையம் தேவைப்படலாம். கூடவே பயிற்சித் தளமும் வரும். அவற்றின் முற்றத்து நீர் எந்தப் பக்கம் சாயும், எந்தத் தொட்டியில் நிற்கும், கால்வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் தனி அத்தியாயமாகக் கேட்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

மாற்று இருக்கிறது, மிச்சமும் இருக்கிறது

ஃபுளூரின் இல்லாத நுரை இப்போது புதுமை இல்லை. ஆஸ்திரேலிய விமான நிலையங்களில் தீயணைப்பை நடத்தும் ஏர்சர்வீசஸ் 2010இலேயே மாறிவிட்டது. உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்றான லண்டன் ஹீத்ரோ 2012இல் மாறியது. அமெரிக்கா மெதுவாக வந்தது. ஃபுளூரின் நுரை கட்டாயமில்லை என்று 2018இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டும், மாற்று நுரைக்கான ராணுவத் தர விதி 2023 ஜனவரியில்தான் வெளியானது. 3எம் நிறுவனம் பி.எஃப்.ஏ.எஸ். தயாரிப்பிலிருந்தே 2025 முடிவுக்குள் வெளியேறுவதாக அறிவித்தது.

புது நுரை படலமாகப் பரவாது, மெத்தை போல் நின்று மூடும். அதனால் அடிக்கும் முறை மாற வேண்டும், ஆட்களுக்குப் புதிதாகப் பயிற்சி தர வேண்டும். பழைய தொட்டியில் புதியதை ஊற்றிவிட முடியாது. உட்சுவரில் படிந்த பழைய நுரை, பலமுறை கழுவிய பிறகும் கசியும். கழுவிய நீரும் நஞ்சு. சோதனையில் மட்டும் நிம்மதி உண்டு: நுரையை வெளியே பீய்ச்சாமல், வண்டிக்குள்ளேயே கலவை விகிதத்தை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. அந்தக் கருவிகளை வைக்க முற்றத்தில் இடமும் இணைப்பும் ஒதுக்கினால் போதும். பயிற்சிக்கும் மண்ணெண்ணெய்க் குழி தேவையில்லை. இரும்பு விமான மாதிரியில் எரிவாயுத் தீ மூட்டி, தண்ணீரால் அணைக்கப் பழகலாம்.

மிச்சம் இருப்பது பழைய சரக்கு. ஃபுளூரின் நுரைக் கரைசல் நிறைந்த பீப்பாய்களை என்ன செய்வது? சாதாரண உலையில் எரித்தால் முழுதாகச் சிதையாமல் புகையோடு காற்றில் போய்விடும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 2022இல் தன் நுரையை எரிப்பதை நிறுத்திவைத்தது. நம்பகமான அழிப்பு வழி கைக்கு எட்டும்வரை பீப்பாய்களை வைத்துக் காக்கத்தான் வேண்டும். அதற்குப் புதிய நிலையத்தின் வரைபடத்தில் ஓர் அறை ஒதுக்க வேண்டும்: கூரையோடு, வெள்ள மட்டத்துக்கு மேல், ஒரு பீப்பாய் ஓட்டையானாலும் முழுவதையும் தாங்கும் பிடிப்புத்தொட்டியோடு. அந்த அறையின் தரையில் வடிகால் துளை எதுவும் இருக்கக் கூடாது.